அடியில் இருந்த சட்டம்

மிகச் சுத்தமாக இருக்கும் பழைய புத்தகத்தைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். நம் ஊர் ஈரத்தில் நாற்பது வருஷம் கிடந்த தாள் ஏதாவது ஒரு வகையில் தன் வயதைக் காட்டிவிடும். பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும், அந்துப்பூச்சி விளிம்பை அரித்திருக்கும், முதுகைத் திறந்தால் பழைய பசையின் புளித்த வாசம் வரும். தைப்பிங்கிலிருந்து வரும் புத்தகங்களைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். அந்த ஊர் மழை தாளுக்குள்ளேயே குடியிருக்கும். இப்படி எதுவுமே இல்லாத புத்தகம் என்றால், அதன்மேல் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

1977-இல் நான் ஈப்போவில் ஓர் அரசாங்கப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்தேன். சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பழைய நகரப் பக்கம் ஒரு சந்தில் இருந்த கடைக்குப் போய்விடுவேன். கடைக்காரர் ராமநாதபுரத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். கடையின் முன்பாதியில் சொங்கோக் தொப்பி, ஊதுபத்தி, பள்ளிக்கூட நோட்டு. பின்பாதியில் தரையிலிருந்து கூரைவரை பழைய புத்தகம். வந்து சேரும் புத்தகங்களைப் பார்த்து, நிலையையும் மதிப்பையும் ஒரு சிறு சீட்டில் எழுதி உள்ளே செருகிவைப்பது என் பொறுப்பு. அதற்குப் பதிலாக எதை வேண்டுமானாலும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம். சீட்டின் தலையில் தேதியைப் போடாமல் நான் எதையும் எழுதியதில்லை. "தம்பி புத்தகத்துக்கு ஜாதகம் எழுதுறாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் கடைக்காரர் சொல்வார்.

அது மார்கழி பிறந்த வாரம். காலையிலிருந்தே மழை. சந்தில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவர் உரமூட்டை பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினார். அவர் முழுக்க நனைந்திருந்தார். கட்டு நனையவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனிகளில் ரப்பர்ப் பால்வெட்டுக்காரர்களுக்கு இருக்கும் கறுப்பு.

"முதலாளி, பழைய சட்டப் புஸ்தகம் வாங்குவீங்களா? வெள்ளக்காரன் புஸ்தகம்."

"வெள்ளக்காரன் போய் எத்தன வருசம் ஆச்சு, அவன் சட்டத்த வச்சு நான் என்னலா பண்ணுறது?" என்றார் கடைக்காரர். ஆனால் கை நீண்டுவிட்டது. "சரி காட்டுங்க. தம்பி, ஜாதகம் பாருங்க."

நான் ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்தேன். மலாயாவின் நிலமும் குடியிருப்பும் பற்றி ஆங்கிலத்தில் இருந்த சட்டப் பாடநூல்; யுத்தத்துக்கு முன்பு லண்டனில் அச்சானது. நல்ல கனம். முதுகில் தோல், பொன்னெழுத்து பாதி மங்கியிருந்தது. மேல்மூலை இரண்டும் மழுங்காமல் இருந்தன. கட்டு தளரவில்லை. திறந்தபோது முதுகு முனகவில்லை. உள்ளட்டையில் ஒரு தோட்டத்தின் ஆபீஸ் முத்திரை. பூச்சி இல்லை, கிறுக்கல் இல்லை. கடைக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து நாக்கைச் சொடுக்கினார்.

"அல்லாவே, புதுப்பொண்ணு மாதிரி இருக்கு. தம்பி, நம்ம தைப்பிங் பெரியவர் இதப் பார்த்தா விடமாட்டாரு."

தைப்பிங் பெரியவர் எங்கள் வாடிக்கையாளர். ஓய்வுபெற்ற அதிகாரி, பழைய சட்டப் புத்தகங்களைச் சேர்ப்பவர். சுத்தமான பிரதி மட்டும்தான் வாங்குவார்.

"விக்கிறதுக்கு மனசில்ல முதலாளி" என்றார் வந்தவர். "ஆனா எங்களுக்கு வேண்டிய பக்கத்த மக எழுதி எடுத்துட்டா. இத வித்து, அந்தக் காசுல மலாயில ஒரு மனு டைப் அடிக்கணும்."

என்ன மனு என்று கேட்டேன். அவர் சொன்னதைச் சுருக்கி இங்கே தருகிறேன். அவர் வேலை செய்வது சுங்காய் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டம் கைமாறிவிட்டது. மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போடப்போகிறார்கள். பத்துக் குடும்பம் இருக்கும் வரிசை வீடுகளை, லயத்தை, காலிசெய்யச் சொல்லி, ஆயுதபூஜை கழிந்த மறுநாள் வீட்டுக்கு வீடு ஒரு சூராட்டு வந்திருக்கிறது. சூராட்டு என்றால் கடிதம். சட்டம் அனுமதிக்கும் காலத்துக்குள் மறுப்பு எழுதிக் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. எத்தனை நாள் என்று இல்லை. தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணியைக் கேட்டால் அவர் தோளைக் குலுக்கியிருக்கிறார். அப்போதுதான் இவருக்கு இந்தப் புத்தகம் நினைவுக்கு வந்தது. பழைய துரை பங்களாவைக் காலிசெய்து போனபோது குப்பையோடு எரிக்க வைத்திருந்ததை இவர் எடுத்து வந்து அரிசிப் பெட்டிக்கு மேலே வைத்திருந்தார்.

"என் மக அஞ்சாம் பாரம் வரைக்கும் படிச்சவ. இப்ப தலப்பிரசவத்துக்கு வந்திருக்கா. அவதான் உக்காந்து படிச்சுச் சொன்னா. மூணு மாசம் டைம் இருக்கு தம்பி. தை பொறந்து ஒரு வாரம் வரைக்கும். மார்கழியில இந்த மாதிரி காரியம் தொடங்க வேணாம்னு பெரியவங்க சொல்றாங்க. டைப் அடிச்சு வச்சுட்டு, பொங்கல் வச்ச கையோட கொண்டுபோய்க் குடுத்துருவோம்."

பேசிக்கொண்டிருந்தபோதே என் கை தாளைத் தடவிக்கொண்டிருந்தது. அது என் பழக்கம். கண் தவறவிடுவதை விரல்நுனி பிடித்துவிடும். ஒரு பக்கத்தின் நடுவில் தாள் இலேசாக அலையோடியிருந்தது. புத்தகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். பக்கத்தின் நடுவில் ஒரு கட்டம் தெரிந்தது. நீளவாக்கில், ஓரங்கள் நேராக, சுற்றியிருந்த தாளைவிட வெளுப்பாக. அடுத்த அத்தியாயத்தில் இன்னொன்று. பிறகு நான் தேடாமலே வந்துகொண்டே இருந்தன. முழுப் புத்தகத்திலும் இப்படி வெளுத்த கட்டங்கள். சுவரில் நெடுநாள் மாட்டியிருந்த படத்தைக் கழற்றினால் தெரியுமே, அது போல.

"அண்ணே, இதுல தாள் ஏதாச்சும் ஒட்டியிருந்துச்சா?"

அவர் முகம் மலர்ந்தது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்ததைப் போல.

"கண்டுபிடிச்சிட்டீங்களே! அம்பது அறுபது இருக்கும் தம்பி. சட்டத்து மேல எவனோ துண்டு துண்டாத் தாள ஒட்டி மறைச்சு வச்சிருந்தான். அத்தனையும் எடுத்துட்டேன். புட்டுப்பானை ஆவியில புடிச்சு, ஒவ்வொண்ணா. ஒரு எழுத்து கிழியல பாருங்க."

"எப்படி அண்ணே?" என்றார் கடைக்காரர், உண்மையான வியப்போடு.

"கோட்டுப்பால் உரிக்கிற கை முதலாளி. மரத்துல வெட்டுக் கோட்டோட காஞ்சு ஒட்டியிருக்கும்ல, அத நுனியில புடிச்சு அறுந்து போகாம ஒரே இழுப்புல எடுக்கணும். இது அதவிட லேசு."

சட்டம் மாறும்போது பதிப்பாளர்கள் முழுப் புத்தகத்தையும் திரும்ப அச்சிடுவதில்லை. மாறிய பத்தியை மட்டும் ஒரு துண்டுத் தாளில் அச்சிட்டு அனுப்புவார்கள். வக்கீல் ஆபீசிலும் தோட்டத்து ஆபீசிலும் கிராணி உட்கார்ந்து, செத்துப்போன பழைய பத்தியின்மேல் அந்தப் புதிய துண்டைப் பசை போட்டு ஒட்டுவார். ஈப்போ வக்கீல்கள் கழித்துப்போட்ட புத்தகங்களில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதை எப்படி இவரிடம் சொல்வது என்று தெரியாமல் மெதுவாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். பிறகு சிரித்தார்.

"தம்பி டவுன்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாது. எங்க ஆபீஸ் வாசல்ல ஒரு பலகை இருக்கு. சங்கத்துக்காரங்க கூட்டம்னு நோட்டீஸ் ஒட்டினா, மறுநாள் காலையில பெரட்டுல பேர் குடுக்கப் போறப்ப அது மேல வேற நோட்டீஸ் இருக்கும். 'இன்னிக்கு ரெண்டு தடவ பால்வெட்டு'னு. சம்பளம் கூட்டிப் போட்டாங்கனு ஒரு தாள் வந்தா, அதையும் கிராணி மூடிருவான். நாங்க ராத்திரி போய் மேல இருக்கிறத உரிச்சுத்தான் படிப்போம். இருபது வருசமா அப்படித்தான். மேல ஒட்டினது எப்பவும் அவங்களுது. அடியில இருக்கிறதுதான் நம்மளுது."

அவர் சொன்னதில் எந்த ஓட்டையும் இல்லை. அந்தப் பலகையை நான் பார்த்ததில்லை, ஆனால் அவர் சொல்வது உண்மை என்று தெரிந்தது.

"எந்தப் பக்கத்த மக எழுதி எடுத்தா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு வாழைநார் வைத்திருந்தார். திறந்தேன். மறுப்புத் தெரிவிக்க மூன்று மாதம் என்று சொல்லும் பத்தி. சரியாக அதன்மேல் ஒரு வெளுத்த கட்டம்.

"இதுல இருந்த துண்டு எங்க அண்ணே? வச்சிருக்கீங்களா?"

"எல்லாத்தையும் அடுப்புல போட்டாச்சு. அத எதுக்கு வச்சுக்கிட்டு?"

மழை பலத்தது. கடைக்காரர் எழுந்துபோய் விளக்கைப் போட்டார். அந்த வெளிச்சத்தில்தான் எதிர்ப்பக்கத்தைக் கவனித்தேன். ஈரமான ஊரில் நெடுநாள் மூடியே கிடக்கும் புத்தகத்தில், ஒரு பக்கத்தின் மை எதிர்ப்பக்கத்தில் இலேசாகப் பதிந்துவிடும். அடியில் இருந்த பத்தி மூடிக் கிடந்ததால் அது பதியவில்லை. மேலே ஒட்டியிருந்த துண்டுதான் பதிந்திருந்தது. சாம்பல் நிறத்தில், இடமிருந்து வலமாகத் திரும்பி, சில சொற்கள்.

முன்பக்கம் தொப்பி போட்டுப் பார்ப்பதற்காக ஒரு கைக்கண்ணாடி தொங்கும். அதைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

"என்ன தம்பி, புஸ்தகத்துக்குச் சொங்கோக் போட்டுப் பாக்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

கண்ணாடியைப் பக்கத்துக்கு நேராகப் பிடித்தேன். பாதிச் சொற்கள் தெரியவில்லை. தெரிந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் படித்தேன். 'மூன்று மாதம் என்பதற்குப் பதிலாக' என்றது. அதற்குப் பிறகு ஒரு மங்கல். அதற்குப் பிறகு, புத்தகத்தைக் கொஞ்சம் சாய்த்ததும் தெளிவாக, 'ஒரு மாதம்'.

கடைக்காரரும் படித்தார். பிறகு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

தேதிகளை மனத்தில் வைத்திருப்பவனுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் கணக்குப் போடத் தேவையில்லை. சூராட்டு வந்தது ஆயுதபூஜைக்கு மறுநாள். அந்த வருஷம் தீபாவளி நவம்பரில். ஒரு மாதக் கெடு தீபாவளிப் பலகாரம் தீர்ந்த கையோடு முடிந்துபோயிருக்கிறது. நாங்கள் உட்கார்ந்திருந்தது டிசம்பர் நடுவில். அந்தக் கெடு முடிந்த நாளில் இவருடைய மகள் மூன்று மாதம் என்று பத்து வீட்டுக்கும் படித்துக் காட்டியிருப்பாள். எல்லாரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குப் படிக்க வராது. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அவங்க எழுதினது தம்பி" என்றார் கடைசியில். "அவங்க எழுதினது அப்படித்தான் இருக்கும்."

"தை வரைக்கும் காத்திருக்காதீங்க அண்ணே. திங்கக்கிழமையே குடுத்துருவோம். இதுக்கு அப்பறமும் சட்டம் மாறியிருக்கலாம். நமக்குச் சாதகமாவும் மாறியிருக்கலாம். நானும் வாரேன்."

"மார்கழியில..."

"புள்ள பொறக்குறது மார்கழி பார்த்தா பொறக்குது?" என்றார் கடைக்காரர் தன் இடத்திலிருந்தே. குரலில் வழக்கமான கேலி இல்லை. "போய்க் குடுத்துட்டு வாங்க. பக்கத்துக் கடையில டைப் அடிக்கிற ஆளு இருக்கான். புஸ்தகத்துக்கு நான் நல்ல விலை தாரேன்."

கடைக்காரர் சொன்னபடியே தந்தார். அந்த விலையில் எனக்கு ஒரு கசப்பு இருந்தது, இன்றும் இருக்கிறது. தாள் ஒட்டிய பிரதியைத் தைப்பிங் பெரியவர் திரும்பியும் பார்க்கமாட்டார். ஒட்டியதெல்லாம் போன பிறகு, அச்சகத்திலிருந்து வந்த நாளில் இருந்ததைப் போல அது ஆகிவிட்டது. கொண்டுவந்தவரை ஏமாற்றிய அந்தச் சுத்தம்தான் அதன் மதிப்பைக் கூட்டியது. சீட்டில் தேதியிட்டு எழுதினேன்: 'கட்டு உறுதி. பூச்சி இல்லை. ஒட்டுத்தாள்கள் நீக்கப்பட்டுள்ளன, எழுத்துச் சேதம் இல்லை. மிக நல்ல பிரதி.' எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்கள் மாவட்டத்து அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசிக்கொண்டு படியில் நின்றிருந்தார். முகப்பில் ஒரு மலாய்ப் பெண் மனுவை வாங்கிப் பொறுமையாக முழுவதையும் படித்தாள். பிறகு எழுந்து, சுவரில் இருந்த நாட்காட்டியில் பின்னால் மடித்திருந்த தாள்களை இறக்கினாள். டிசம்பரின்மேல் நவம்பரை இறக்கினாள், அதன்மேல் அக்டோபரை இறக்கி அதில் விரலை வைத்தாள். அங்கிருந்து ஒரு தாளை மட்டும் மேலே தூக்கினாள். நவம்பரில் அவள் விரல் நின்றது. அவருடைய முகத்தைப் பார்த்தாள். காலம் கடந்துவிட்டது, மாமா, என்று மலாயில் மெல்லச் சொன்னாள். ஆனாலும் மனுவைத் திருப்பித் தரவில்லை. பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி, நகலை அவரிடம் நீட்டினாள். அசலை மேசைமேல் இருந்த குவியலில் சேர்க்கவில்லை. பின்னால் திரும்பி, ஜன்னலோரம் தூசு படிந்திருந்த ஒரு தட்டில் வைத்தாள்.

வெளியே வந்ததும் அவர் முத்திரையைக் காட்டினார். மை இன்னும் காயவில்லை.

"வாங்கிட்டாங்கல்ல தம்பி? வாங்கலைன்னாத்தான் பயப்படணும்."

நான் அந்தத் தட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எதிரே இருந்த கடையில் இருவரும் தே தாரிக் குடித்தோம். பேரன் பிறந்தால் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரச்சொல்லியிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி மண்சாலையில் நடந்தபோது, இடதுபக்கம் அவர் அடையாளம் சொன்ன ரப்பர் மரங்கள் இல்லை. வெட்டிப்போட்ட அடிமரங்களிலிருந்து பால் வழிந்து காய்ந்திருந்தது. அதை உரிக்க யாரும் இல்லை. லயத்தின் கடைக்கோடி இரண்டு வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். அவற்றின் கூரைத் தகரத்தை யாரோ கழற்றியிருந்தார்கள். மீதி எட்டுக் கதவுகளிலும் சிவப்பு மையில் எண் போட்டிருந்தது. எண்ணுக்குக் கீழே ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எட்டும் ஒரே உயரத்தில், ஒரே நேராக இருந்தன. ஒட்டியவர் கவனமான ஆள்.

அவர் வாசலில் குந்தியிருந்தார். பக்கத்தில் கரி அடுப்பு, அதன்மேல் புட்டுப்பானை. பானையின் வாயில் ஒரு துணியைக் காட்டிச் சூடேற்றி, கதவில் இருந்த தாளின்மேல் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே மகள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நாள் நெருங்கிவிட்டது பார்த்தாலே தெரிந்தது. என்னைக் கண்டதும் எழப்பார்த்தாள். வேண்டாம் என்று கை காட்டினேன்.

"என்ன போட்டிருக்கு?" என்று அவளிடம் கேட்டேன்.

"மாசக் கடைசிக்குள்ள போயிரணுமாம் அண்ணே. இல்லாட்டி பெல்டோசர் வருமாம்." கதவைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பக்கத்த நாந்தான் படிச்சேன்" என்றாள். "நல்லாத்தான் படிச்சேன்."

"நீ சரியாத்தான் படிச்சம்மா" என்றேன். அது உண்மை.

"தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்றார் அவர் திரும்பாமல். "மேல ரெண்டு மூலையும் வந்திருச்சு."

நகத்தால் ஒரு மூலையைத் தூக்கினார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, மூச்சை நிறுத்திக்கொண்டு, கீழ்நோக்கி ஒரே சீராக இழுத்தார். சிறு சத்தம்கூட வரவில்லை. தாள் முழுசாகக் கையோடு வந்தது.

அதன் அடியில் கதவுப்பலகை இருந்தது. பழைய நீலச் சாயம், பசையின் ஈரம். அவர் தன் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து மேலும் கீழுமாகத் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பவரைப் போல, பக்கவாட்டிலிருந்து பார்த்தார். நான் கடையில் ஜன்னலோரம் பார்த்ததை அவர் கவனித்திருக்கிறார்.

உள்ளே மகள் அம்மாவைக் கூப்பிட்டாள். பின்கட்டில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அவர் மனைவி ஓடி வந்தார்.

கதவருகே இருந்தபடியே அவர் தாளை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் முதலில் ஓரங்களைத்தான் பார்த்தேன். கிழிசல் இல்லை. மடிப்பு இல்லை. எழுத்து எல்லாம் அப்படியே இருந்தது. தேதியும்.